மூடிய ஆலைக்கு மேலே தெரிந்த காந்தம்

தேயிலை காயும் வாசனை வந்தால் மலையில் இருக்கிறவர்களுக்கு மனது இளகும். எனக்குச் சந்தேகம் வரும்.

நேற்றுக் குன்னூரில், பேருந்து நிலையத்திலிருந்து மேலே ஏறும் படிகளில், அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. வெந்த இலை, கரிந்த சர்க்கரை, ஈர மரம் எல்லாம் கலந்த வாசனை. எங்கோ ஓர் ஆலையில் இலை உலர்த்தும் டிரையர் ஓடுகிறது. கால் நின்றுவிட்டது. பார்வை தானாக இடது பக்கம் திரும்பியது, வரைதாளில் முள் நடுங்குகிறதா என்று பார்க்க. இடது பக்கம் பழக்கடைதான் இருந்தது. கடைக்காரர், "பழம் வேணுங்களா?" என்றார்.

ரேடியோ வானியல் நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவளின் மூக்கு இப்படித்தான் பழகியிருக்கும். எங்கள் நிலையத்துக்கு அடியிலேயே ஒரு தேயிலை ஆலை. வாசனை வந்தால் கீழே மோட்டார்கள் ஓடுகின்றன என்று பொருள். மோட்டார்கள் ஓடினால், வானத்திலிருந்து வந்தது என்று எங்கள் கருவி சொல்லும் எதையும் நம்பக் கூடாது.

போன மாதம் நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். நான் ஓய்வு வயதுக்கு முன்பே எழுதிக்கொடுத்துவிட்டு வந்த பிறகு அங்கே சேர்ந்தவள். "இரைச்சலை இப்ப புரோகிராமே வெட்டி எடுத்திருதுங்க மேடம். நீங்கெல்லாம் அப்ப எப்படிச் செஞ்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். சந்தேகப்படுகிற வேலையையும் இயந்திரத்திடம் கொடுத்தாயிற்று. நல்லதுதான். அதற்குத் தூக்கம் கெடாது. "அது எதை வெட்டுதுன்னு யாரு சந்தேகப்படறீங்க?" என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் முழுசாக நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மேட்டுப்பாளையத்துப் பெண். கோயம்புத்தூரில் ஒரு டிப்ளமா, மோட்டார் கம்பெனியில் சுருள் சுற்றும் வேலை, பிறகு செய்தித்தாளில் ஒரு விளம்பரம், பிறகு மலை. "வானத்தப் பாக்கறதுக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்ட அப்பா கடைசி வரைக்கும் அதை நம்பவில்லை. மலைக்கு வந்த கதை இவ்வளவுதான்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தின் உச்சிச் சரிவில் எங்கள் ஆண்டெனாக்கள் வரிசையாக நின்றன. மழையை ஏந்துவதற்கு வைத்த பெரிய கிண்ணங்கள் போல. ஆனால் அவை ஏந்தியது மழையை அல்ல, சாய்வை. ரேடியோ அலை வந்து சேரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டு வரும். வழியில் காந்தமேறிய வாயுவைக் கடந்தால் அந்தச் சாய்வு திரும்பும். நீள அலை அதிகம் திரும்பும், குட்டை அலை குறைவாகத் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்தால், யாரும் போக முடியாத இடத்தில் காந்தம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரியும்.

இதைத்தான் எங்கள் தலைமை விஞ்ஞானி வாழ்நாள் முழுக்கத் துரத்தினார். பெயர் வேண்டாம், மேடம் என்றே எழுதுகிறேன். அவருடைய கேள்வி சின்னது. நம் பால்வீதியைப் போன்ற ஒரு விண்மீன் திரளுக்குள் வாயு கொதிக்கிறது. நட்சத்திரங்கள் வெடிக்கின்றன. எல்லாம் சுழல், எல்லாம் கலக்கம். அந்தக் கலக்கத்தில் காந்தம் சிக்குப் பிடித்த தலைமுடி போலத்தான் கிடக்க வேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், கூட்டினால் ஒன்றுமில்லை. ஆனால் அளந்தால், திரள் முழுவதும் ஒரே ஒழுங்கில் சீவிவிட்டது போல நிற்கிறது. யார் சீவுகிறார்கள்? சீவிய முடி ஏன் கலையவில்லை?

ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக் காட்டுவார். "இழு. எட்டு மாதிரி முறுக்கு. மடக்கி ஒண்ணு மேல ஒண்ணா வை. இப்ப ரெண்டு வளையமும் ஒரே திசையில இருக்கு. காந்தம் இரட்டிப்பாச்சு. திரளோட சுழற்சி இழுக்குது, மேல எழும்பற வாயு முறுக்குது. புரியுதா சாந்தாமணி?"

"புரியுதுங்க."

"அப்ப எங்கயோ தப்பு. முறுக்கினியே, அதோட எதிர் முறுக்கு எங்க போச்சு? சின்னச் சின்னதா உள்ளயே சேரும். சேரச் சேர உன் கையைத் திருக விடாது. அதை வெளிய தள்ளினாத்தான் பெரிய காந்தம் பிழைக்கும். வெடிச்சு மேல போற வாயுவோட அதுவும் வெளிய போயிடுதுன்னு சொல்றாங்க."

"சொல்றாங்களா?"

"நான் சொல்லலை. சொல்றாங்க."

அவர் பேச்சே அப்படித்தான். நல்ல கோடு வந்தால் முகம் சுருங்கும். "அழகா இருக்கே" என்பார், வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்ட மாதிரி. பிறகு சடங்கு தொடங்கும். முதலில் ஆண்டெனாவை வெறும் வானத்துக்குத் திருப்ப வேண்டும். அங்கேயும் அதே கோடு வந்தால் அது பூமியின் இரைச்சல். பிறகு கடைசிச் சோதனை. கிண்ணத்தின் நடுவில், அலையை வாங்கிக்கொள்ளும் உலோகக் குழாய் ஒன்று உண்டு. நாங்கள் அதைக் கொம்பு என்போம். ஏணியில் ஏறி, போல்ட்டுகளைத் தளர்த்தி, கொம்பைக் கால் வட்டம் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். பனியில் விரல் மரத்துப்போகும், ஸ்பேனர் நழுவும், மேடம் கீழே நின்றுகொண்டு குரல் கொடுப்பார்: "சாய்வு கொம்போட சேர்ந்து திரும்பினா அது நம்ம கருவி போடற வேஷம். நாம திரும்பியும் அது திரும்பாம நின்னா, அதுதான் வானம்."

எத்தனையோ அழகான கோடுகள் கொம்போடு சேர்ந்து திரும்பின. எத்தனையோ பேருடைய ஆராய்ச்சியும்தான்.

பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்தது. பறித்த கொழுந்தை ஓடையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்குக் கீழே இருந்த ஆலையைப் பூட்டிவிட்டு முதலாளி சமவெளிக்குப் போனார். மின்சார வாரியம் இணைப்பைத் துண்டித்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அவர்கள் காலடியிலிருந்து ஒரு தோட்டம் நழுவுவது இது இரண்டாவது முறை. ஆண்கள் திருப்பூருக்குப் போனார்கள். பெண்கள் கேத்திப் பக்கம் கேரட் கழுவப் போனார்கள்.

எங்கள் முள் நேராக ஓடியது. அப்படி ஒரு அமைதியை அந்தக் கருவிகள் அதற்கு முன் கேட்டதே இல்லை. நாங்கள் தேடிக்கொண்டிருந்த திரளில் ஒரு பக்கம் சாய்வு வலமாகவும் மறு பக்கம் இடமாகவும் திரும்புவது தெளிவாகத் தெரிந்தது. ஒழுங்கான, பெரிய காந்தம். கொம்பைத் திருப்பினோம், அது திரும்பவில்லை. விளிம்பில் இன்னும் ஒரு வினோதம். அங்கே காந்தம் எதிர்த்திசையில் நிற்பது போல் இருந்தது. அதுவரை யாரும் சொல்லாத விஷயம். தலைமை அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்களாம். மேடம் மட்டும் தினமும் காலையில் ஆண்டெனா வரிசையின் ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கேட்டார்: "லயத்துல புகையே வரலியே, ஏன்?"

"அடுப்புக்கு ஏதாச்சும் வேணுமுங்களே" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்த இடங்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்பட்டேன், இன்று வரைக்கும்.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆலையை நாங்களே நடத்துகிறோம் என்று மனு மேல் மனுவாகப் போட்டார்கள். கடைசியில் அரசாங்கத்தில் ஒரு சோதனை நாள் குறித்தார்கள். அதிகாரி வருவார். அவர் கண் முன்னால் ஆலை ஓடி இலை அரைபட வேண்டும். மேலே இருக்கிற வானியல் நிலையத்துக்கு ஆட்சேபம் இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் இயந்திரங்களைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவார்கள். முதல் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து மேடத்துக்கு போன். ஆட்சேபம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி எப்போதும் நமக்கு அமைதிதான் என்றார்கள். மேடம், "பார்க்கறேன்" என்றார்.

மறுநாள் எங்கள் ஜீப்பில் கீழே இறங்கினோம். ஆலை வாசலில் கூட்டம். அதிகாரி குடையை மடக்கவே இல்லை, மடக்கினால் அங்கேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தவர் போல. அவரை இறக்கிவிட்ட வண்டி கோத்தகிரிக்குத் திரும்பியிருந்தது. ஆலையின் பழைய பிட்டர் வேலாயுதம் டீசல் எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினார். தரை அதிர்ந்தது, ஜெனரேட்டர் சுழன்றது. சுவிட்ச் பலகைக்கு மேலிருந்த பல்பு எரியவில்லை.

வேலாயுதம் ஜெனரேட்டரின் கரி பிரஷ்களைத் தேய்த்தார், வயர்களை இறுக்கினார், மறுபடி ஓட்டினார். பல்பு எரியவில்லை. மீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது.

"காந்தம் செத்துப்போச்சி" என்றார் வேலாயுதம். ஆலையை அவர்கள் ஸ்டோர் என்பார்கள், இலங்கைப் பழக்கம். "ஸ்டோரு ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சில்ல. இரும்புல ஒட்டியிருந்த காந்தமும் போயிருச்சி."

கொழுந்து பறிக்கும் பார்வதி எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "அதெப்புடி? மேல இவங்க காந்தம் அளக்குறாங்க, கீழ நம்ம காந்தம் காணாமப்போவுது. அம்மாம்பெரிய கிண்ணத்த எல்லாம் என்னாத்துக்கு வாயத் தொறந்து வச்சிருக்காங்க? உறிஞ்சிட்டாங்க!"

யாரோ சிரித்தார்கள். பாதிப் பேர் சிரிக்கவில்லை. ஏனுங்க, அப்படியெல்லாம் உறிஞ்ச முடியாதுங்க என்று நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. நாங்கள் உறிஞ்சியது வேறொன்று. அவர்களுடைய மௌனம்.

மேடம் ஜெனரேட்டரிடம் போனார். திரளின் காந்தம் வளரும் டைனமோ கணக்கைக் கரும்பலகையில் ஆயிரம் முறை எழுதியிருப்பார். வளர மறுத்து நிற்கும் டைனமோவை அன்றுதான் நேரில் பார்த்தார். ஓய்ந்து கிடக்கும் இரும்பில் எஞ்சியிருக்கும் துளிக் காந்தம்தான் விதை. சுழற்சி அந்தத் துளியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும், மின்சாரம் காந்தத்தை வளர்க்கும், வளர்ந்த காந்தம் மேலும் மின்சாரம் தரும். விதை இல்லையென்றால் எவ்வளவு சுழன்றாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். "விதை போச்சு" என்றார், தனக்குத்தானே.

"பேட்டரி இருந்தா ஒரு தொடு தொட்டுக் காந்தம் ஏத்திரலாங்க" என்றேன். மோட்டார் கம்பெனியில் பார்த்த வேலை.

"அது எனக்கும் தெரியும் தங்கச்சி" என்றார் வேலாயுதம். "லயத்துல பேட்டரிக்கு எங்க போக?"

அங்கே ஒரே ஒரு பேட்டரிதான் இருந்தது, எங்கள் ஜீப்பில். எல்லாரும் ஜீப்பைப் பார்க்காமல் பார்த்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். ஆட்சேபம் என்ற வார்த்தைகூடத் தேவையில்லை, ஆலை தானாகவே செத்திருக்கும்.

"சாந்தாமணி, பேட்டரியைக் கழட்டு" என்றார்.

வேலாயுதம் வழியை மறித்தார். "இருங்க தொரசாணி. எதுக்குக் குடுக்கிறீங்க? ஸ்டோரு ஓடுனா ஒங்களுக்குத்தானே நட்டம். சுருள எரிச்சிப்புட்டு, மிசின் ஓடலைன்னு எழுதிட்டுப் போறதுக்கா?"

மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. இத்தனை நாளில் தனக்குச் சமமான ஒருவரைச் சந்தித்துவிட்ட மாதிரி. "நியாயமான சந்தேகம். நீங்களே வயரைப் பிடிங்க."

"நீங்க புடிங்க. எரிஞ்சா ஒங்க கையும் சேந்து எரியட்டும்."

எஞ்சினை நிறுத்தி, பிரஷ்களைத் தூக்கிவிட்டு, காந்தச் சுருளின் இரண்டு முனைகளையும் வெளியே எடுத்தோம். எது பிளஸ், எது மைனஸ்? வண்ணம் எப்போதோ அழிந்துவிட்டது. "எப்படி வச்சாலும் வளரும்" என்றார் மேடம். "எந்தத் திசையில விதைக்கறோமோ அந்தத் திசையில. சமன்பாட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." முந்தானையைச் செருகிக்கொண்டு வயரைத் தொட்டு எடுத்தார். நீலமாக ஒரு பொறி. கூட்டம் பின்னால் நகர்ந்தது, அவர் நகரவில்லை.

பிரஷ்களை இறக்கி மறுபடி கைப்பிடி சுற்றினார்கள். பல்பு ஒரு சுருட்டு நுனியளவு சிவந்தது. பிறகு மஞ்சள். பிறகு எல்லார் முகமும் தெரியும் வெள்ளை. மீட்டர் முள் மட்டும் பூஜ்யத்துக்குப் பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் மாற்றி விதைத்திருந்தோம்.

"தொரசாணி வச்ச காந்தம் தலகீழா நிக்கிது!" என்று பார்வதி கத்தினாள். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கரி படிந்த விரல்களோடு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோலர்கள் ஓடின. வாட்டி வைத்திருந்த இலை சுருண்டது. டிரையர் சூடேறி வாசனை கிளம்பியது. அதிகாரி கேட்டார்: "நிலையத்துக்கு ஆட்சேபம் உண்டுங்களா?"

"மேல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன். இவரும் என்கூட வரட்டும். இல்லேன்னா நான் சொல்றதை நம்ப மாட்டார்."

"அது சரிதான்" என்றார் வேலாயுதம்.

கொழுந்துக் காட்டுக் குறுக்கு வழியில் ஏறினோம். மூடுபனி இறங்கிவிட்டது. துணி ஆட்டினால் தெரியாது, வயர்லெஸ் எங்கள் கருவிக்கு ஆகாது. அதனால் பார்வதி பெண்களைச் சரிவு நெடுக நிறுத்தினாள், ஒருவர் குரல் அடுத்தவருக்குக் கேட்கும் தூரத்தில். நான் ஜன்னலில் நின்று "நிறுத்து" என்றால், அந்தச் சொல் பனிக்குள் தோள் தோளாக இறங்கிப் போய், கீழே எஞ்சின் மூச்சை அடக்கும். "ஓட்டு" என்றால் மறுபடி உறுமும்.

ஓட்டச் சொன்னோம். முள் தாளைக் கிழிப்பது போல் குதித்தது. நிறுத்தச் சொன்னோம். அடங்கியது. மறுபடி ஓட்டினோம், மறுபடி குதித்தது. ஆண்டெனாவை எங்கே திருப்பினாலும் அதே குதிப்பு. சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை.

"இது எங்க ஸ்டோரா?" என்றார் வேலாயுதம், முள்ளைப் பார்த்தபடி.

"ஆமாங்க அண்ணா."

"இம்புட்டு சத்தம் போடுதா?" கெஞ்சவில்லை. "அப்ப முடிஞ்சிச்சி. கூட்டியாந்து காட்டுனீங்க, அது போதும். நிறுத்தச் சொல்லிறவா?"

மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சரிவில் இறங்கினார். நாங்கள் பின்னால் போனோம். குரல் கொடுத்த பெண்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து தெரிந்து, எங்கள் முகத்தைப் படிக்கப் பார்த்து, பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஆலை வாசலில் அதிகாரி அதே இடத்தில் நின்றிருந்தார்.

"ஆட்சேபம் இல்லை" என்றார் மேடம்.

அதிகாரி குடையை மடக்கினார். வேலாயுதத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன் தொரசாணி? நான்தான் கண்ணால பாத்தேனே. ஏதோ உள்ள வச்சிக்கிட்டுக் கதைக்கிறீங்க."

மேடம் எரிச்சலோடு சொன்னார்: "ஸ்டோர் மூடியிருந்தா மட்டும் தெரியற காந்தத்தை நான் நம்ப மாட்டேன்."

அடுத்த சில மாதங்கள் இரைச்சலோடு சண்டை. இலை வாட்டும் தொட்டியில் விரிக்கிற கம்பி வலையில் மிச்சமிருந்ததைக் கொண்டு ஜெனரேட்டர் அறையையே வேலாயுதம் கூண்டு போல மூடினார். மோட்டார்களில் நான் இரைச்சலை விழுங்கும் கெப்பாசிட்டர் வைத்தேன். முள் அடங்கியது, முழுசாக இல்லை. அந்த அரைகுறை அமைதியில் திரளை மறுபடி பார்த்தோம். வலமும் இடமும் அப்படியே நின்றன. பெரிய காந்தம் நிஜம். விளிம்பில் தெரிந்த எதிர்க் காந்தம் மட்டும் திரும்ப வரவில்லை. இரைச்சலில் மறைந்ததா, முதலிலிருந்தே இல்லையா, தெரியாது. மேடம் அந்தப் பகுதியைத் தன் கட்டுரையிலிருந்து தானே அடித்தார். உலகத்தில் யாருக்கும் கிடைக்காதது என்று இனிப்பு கொடுத்தார்களே, அதை.

பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. இது இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

கோத்தகிரி பேருந்து நிலையத்தில் அவரை வழியனுப்பப் போனேன். வேலாயுதம் கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தை அவர் பிரித்து, முகர்ந்து, "புதுத் தூள்தானா?" என்று கேட்டு மூடி வைத்தார். மேட்டுப்பாளையம் வண்டி வந்து நின்றது. அன்று கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவரிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அன்னிக்கு ஆட்சேபம் இல்லைன்னு சொன்னீங்களே மேடம். அது வானத்துக்காகவா, லயத்துல புகை வரலியேன்னா? எனக்கு என்னமோ புகைதான்னு தோணுதுங்க. இத்தனை நாளா அப்படித்தான் தெரியுது."

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி நகர ஆரம்பித்தது. மேடம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், அழகான ஒரு கோட்டைப் பார்ப்பது போல, முகத்தைச் சுருக்கிக்கொண்டு.

"கொம்பைத் திருப்பிப் பார்த்தியா?" என்றார்.